சேவல் ஏறக்கூடாத கப்பல்

காலையில் நான் அடுப்பை மூட்டுவேன். டாமரிஸ் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வருவாள். நான் உருளைக்கிழங்கை வேகவைப்பேன். அவள் உப்பு மீன் ஊறிய தண்ணீரை வாசலில் கொட்டுவாள். இருவரும் சாப்பிடுவோம். பிறகு அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முக்காலியில் உட்காருவாள். நான் அவளுக்குத் தலை பின்னிவிடுவேன்.

"அப்பா, இன்னிக்கும் கோணல்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்? பின்னால கண்ணு இருக்கா?"

"ஒரு பக்கம் காது இழுக்குது. இன்னொரு பக்கம் இழுக்கவே இல்ல."

அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவேன். கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். அங்கே நான் ஆசிரியர், அவள் மாணவி. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அவள் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள்.

லவீனியா போன பிறகு எல்லாக் காலைகளும் இப்படித்தான்.

லவீனியா என் மனைவி, டாமரிஸின் அம்மா. 'மார்ஜரி பெல்' என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியபோது, அதில் இருந்த எல்லாரும், டாமரிஸும்கூட, தப்பினார்கள். லவீனியா மட்டும் தப்பவில்லை.

பெர்முடா தீவில், செயின்ட் ஜார்ஜ் துறைமுகத்தில் வளரும் பிள்ளைகளுக்குக் கப்பல்களைப் பற்றி ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டிகுவா கல்லூரியில் நான் படித்தது எதுவும் அவர்கள் முன்னால் செல்லாது. ஒரு நாள் வகுப்பில், "மார்ஜரி பெல் எப்படிப்பட்ட கப்பல்?" என்று கேட்டேன். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"ஸ்காட்லாந்துல கட்டினது சார்!"

"ரெண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். அதை விரட்டிப் பிடிக்கவே முடியாது!"

"மூடுபனி கலர்ல பெயின்ட் அடிச்சிருப்பாங்க. கடல்ல தெரியாது. புகை வராத கரிதான் போடுவாங்க. மாலுமிங்க வெள்ளைச் சட்டை போடக்கூடாது."

"சேவலும் இருக்கக்கூடாது!" என்றான் எஸ்ரா.

"கோழி?" என்று ஒரு சின்னப் பையன் கேட்டான்.

"கோழி இருக்கலாம். சேவல்தான் விடியறதுக்கு முன்னாடியே கூவி ஊரைக் கூட்டும். இருட்டுல சத்தம் போடாம போய்க்கிட்டு இருக்கும்போது அது 'கொக்கரக்கோ'ன்னு கத்தினா என்ன ஆகும்? வடக்குக்காரன் பீரங்கியத் திருப்புவான். டமால்!"

வகுப்பு சிரித்தது. டாமரிஸ் சிரிக்கவில்லை.

அமெரிக்காவில் போர் நடந்துகொண்டிருந்தது. தெற்கில் இருந்தவர்கள் அடிமைகளை விடமாட்டோம் என்று சண்டை போட்டார்கள். வடக்கு அவர்களுடைய துறைமுகங்களின் வாயில் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. எதுவும் உள்ளே போகக்கூடாது, வெளியே வரக்கூடாது. அந்தக் காவலுக்கு நடுவே நிலவில்லாத இரவுகளில் நழுவிப் போகும் கப்பல்கள் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கிளம்பின. போகும்போது துப்பாக்கியும் இறைச்சியும். வரும்போது பஞ்சுப் பொதி.

எங்கள் பெற்றோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்தத் துப்பாக்கிகள் யாருடைய கைக்குப் போகின்றன என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஊரில் பாதி வீடுகளில் அந்தக் கப்பல்களால்தான் அடுப்பு எரிந்தது. என் வீட்டிலும்தான். லவீனியா மாலுமிகளின் துணிகளைத் துவைத்துக் கொடுத்தாள். நான் ஏதாவது சொன்னால், "அழுக்குச் சட்டைல அது எந்தப் பக்கம்னு எழுதியா இருக்கு?" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பிடிக்கலதான்," என்பாள்.

எஸ்ரா எழுந்து நின்றான். "சார், பேப்பர்ல போட்டிருக்கு. டாமரிஸோட அம்மா கப்பலோட ரகசியக் காகிதத்தையெல்லாம் காப்பாத்தத் திரும்பப் போனாங்களாம். 'காகிதங்களைக் காப்பாற்றுங்கள்'னு கத்தினாங்களாம். எங்க மாமா படிச்சாரு."

எல்லாரும் டாமரிஸைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றாள் அவள்.

"அப்ப என்ன கத்தினாங்க?"

அவள் தன் சிலேட்டுப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அந்த வாரமே மிஸ்டர் வென்னிங் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெற்கத்திக்காரர். அந்தக் கப்பல்களுக்கு இங்கே எல்லா ஏற்பாடும் செய்பவர். லவீனியாவின் அக்கா ருஹாமாதான் அவரை அழைத்து வந்தாள். அவர் உட்காருவதற்கு முன் நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டினார்.

"வாத்தியாரே, உங்க மனைவிக்கு ஒரு கல் வைக்கப் போறோம். சர்ச் சுவர்ல. வெள்ளைப் பளிங்கு. செலவு முழுக்க எங்களோடது."

வாசகத்தைப் படித்துக் காட்டினார்: கப்பலுக்கும் அதன் கொடிக்கும் கடைசி மூச்சுவரை உண்மையாக இருந்த பணிப்பெண். அவளது கடைசிச் சொல்: 'காகிதங்களைக் காப்பாற்றுங்கள்!'

ருஹாமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது. அடிமைகளை விடமாட்டோம் என்று சண்டை போடும் கொடிக்கு ஒரு கறுப்புப் பெண் உயிரைக் கொடுத்தாள் என்று பளிங்கில் வெட்டினால், அது லண்டன் பத்திரிகைகளுக்குப் போகும்.

"அம்மாவுக்கு அந்தக் காகிதம் எங்க இருக்குன்னே தெரியாது," என்றாள் டாமரிஸ்.

மிஸ்டர் வென்னிங் சிரித்தார். "சின்னப் பொண்ணு. பயத்துல மறந்திருக்கும். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஞாபகம் வந்துடும். உங்க சர்ச்ல ஒரு வழக்கம் இருக்காமே?"

இருந்தது. இறந்தவர் சொன்னது என்று எதையாவது எங்கள் சுவரில் பொறிக்க வேண்டுமானால், அதைக் காதால் கேட்ட ஒருவர் சபை முன்னால் எழுந்து நின்று 'கேட்டேன்' என்று சொல்ல வேண்டும். லவீனியா கடைசியாகப் பேசியதைக் கேட்டவள் டாமரிஸ் ஒருத்திதான்.

"எழுந்து நின்னு 'கேட்டேன்'னு சொன்னாப் போதும்மா. ஒரே ஒரு வார்த்தை," என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

ருஹாமா போகவில்லை. "என்னடீ முழிக்கிற? பளிங்குக் கல்லு! நம்ம ஆளுங்களுக்கு யாருடீ வெச்சிருக்காங்க?"

"பெரியம்மா, அம்மா அதுக்காகத் திரும்பப் போகல."

"வேற எதுக்குப் போனா?"

டாமரிஸ் என்னைப் பார்த்தாள். அதுவரை நான் அவளிடம் இதைக் கேட்டதே இல்லை.

"சேவலுக்காக," என்றாள்.

பிறகு சொன்னாள். மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்று காலை அவளும் அம்மாவும் சலவைத் துணிகளைக் கொடுக்க மார்ஜரி பெல்லுக்குப் போயிருந்தார்கள். துணிகளை எண்ணி முடிப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. அது வழக்கம்தான். பவளப்பாறைகளுக்கு நடுவே வழிகாட்டும் பைலட் வெளிக்கடல்வரை கூட வருவார். பிறகு அவருடைய படகில் எல்லாரும் கரைக்குத் திரும்பலாம்.

சமையல்காரர் ஹோகன், துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் ஒரு சேவல் வளர்த்தார். வெளிக்கடலுக்குப் போகும் முன் அதை இறக்கிவிட வேண்டும். "நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஆனா குழம்பு வைக்கக்கூடாது," என்று லவீனியாவிடம் சொல்லி, சமையல் மேசைக் காலில் அதைக் கட்டிவைத்தார்.

பைலட்டுக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும். ஆனால் அவர் கடைசியாக மார்ஜரி பெல்லை ஓட்டியது அது பஞ்சு ஏற்றி வந்தபோது. பஞ்சு கனமில்லாதது, கப்பல் மேலே மிதந்தது. இப்போது வயிறு நிறைய இரும்பு. கப்பல் தாழ்ந்திருந்தது. போன தடவை உரசாமல் மேலே கடந்த பாறையில் இந்தத் தடவை அடிப்பாகம் கிழிந்தது.

"தண்ணி மேல வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் படகுல ஏறிட்டாங்க. அம்மா என்னைத் தூக்கி உள்ள வெச்சாங்க. அவங்களும் ஒரு காலை வெச்சாங்க. அப்ப சேவல் கூவுச்சு." டாமரிஸ் ஜடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா காலை எடுத்துட்டாங்க. ஓடினாங்க. அப்புறம் கப்பல் சாஞ்சிடுச்சு."



"சேவலா?" என்றாள் ருஹாமா. "கடவுளே, ஒரு சேவலுக்கா? இதை வெளிய சொல்லாதடீ. ஊரு சிரிக்கும். சந்தைல உன் அம்மாவப் பாத்து கொக்கரக்கோன்னு கத்துவானுங்க."

அவள் போன பிறகு டாமரிஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நிஜத்தச் சொன்னா அம்மாவப் பாத்து சிரிப்பாங்க. பொய் சொன்னா அம்மா அவங்க ஆளு ஆயிடுவாங்க. கல்லுல. என்னிக்கும்."

"ஆமா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் கரைல இருந்தேன். கேட்டது நீதான். நீ எது சொன்னாலும் நான் உன் பக்கத்துல நிப்பேன்."

அவள் யோசித்தாள். "அம்மா கடைசியா ஒண்ணு சொன்னாங்க. அதை மட்டும் கேக்காதீங்கப்பா."

"கேக்கல."

"அது இன்னும் என்கிட்டயே இருக்கு. சொல்லிட்டா தீந்துடும்."

சரி என்றேன்.

சனிக்கிழமை அவள் மூலையில் இருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். லவீனியா துவைத்து, இஸ்திரி போடாததால் அன்று கப்பலுக்குக் கொண்டுபோகாத துணிகள். அதிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்தாள். கழுத்துப் பட்டையில் 'ஹோகன்' என்று நூலால் தைத்திருந்தது. இஸ்திரிப் பெட்டியை அடுப்பில் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"பாத்திருக்கேன்."

பார்த்திருந்தது போதவில்லை. ஒரு கையில் பழுப்பாகக் கருகிவிட்டது. அவள் அதை மடித்துக் கூடையில் வைத்தாள். கூடையை என்னிடம் கொடுத்தாள். துறைமுகத்துக்கு நடந்தோம்.

ஹோகன் பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லிவர்பூல்காரர். கப்பல் மூழ்கிய பிறகு அவர் வேறு கப்பலில் ஏறவும் இல்லை, ஊருக்குத் திரும்பவும் இல்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். ஓடிவிடலாமா என்பதுபோலச் சுற்றிப் பார்த்தார்.

"மிஸ்டர் ஹோகன், உங்க சட்டை," என்றாள் டாமரிஸ். "நீங்க வாங்க வருவீங்கன்னு பாத்தேன். வரவே இல்ல."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன் பாப்பா?"

"இந்த மூஞ்சியே போதும். ஆனா கழுவணும்."

அவர் சிரித்துவிட்டார். உடனே அழுதார். பெரிய ஆள் அழுவதை டாமரிஸ் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நான்தான் அதைக் கட்டினேன்," என்றார் ஹோகன். "மாலுமி முடிச்சு. சுலபமா அவுராது. அவுக்காம நான் பாட்டுக்குப் படகுல குதிச்சுட்டேன். ஒரே ஒரு நொடி நினைச்சிருந்தா..."

"எல்லாருந்தான் குதிச்சாங்க. நானும்தான்."

"நீ குழந்தை."

"நாளைக்கு சர்ச்சுக்கு வாங்க. நான் நிஜத்தச் சொல்லப் போறேன். எல்லாரும் சிரிப்பாங்க. தனியா நிக்க எனக்குப் பயமா இருக்கு. அப்பா நிப்பாங்க. ஆனா அப்பா அங்க இல்ல. நீங்க இருந்தீங்க."

ஹோகன் சட்டையை விரித்துப் பார்த்தார்.

"கைல கருகிடுச்சு," என்றாள் டாமரிஸ். "அம்மா இஸ்திரி போட்டிருந்தா ஆயிருக்காது."

அவர் அந்தக் கறையை விரலால் தடவினார். வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிறைந்திருந்தது. மிஸ்டர் வென்னிங் முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் பத்திரிகைக்காரர் ஒருவர். பளிங்குக் கல்லைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எழுத்து இன்னும் வெட்டவில்லை. வெறும் வெள்ளையாக இருந்தது.

பாதிரியார் வாசகத்தைப் படித்தார். பிறகு, "இதைக் காதால் கேட்டவர் எழுந்து நிற்கலாம்," என்றார்.

டாமரிஸ் எழுந்தாள். நானும் எழுந்தேன். அவளுடைய ஒரு ஜடை கோணலாக இருந்தது. அதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"நான் கேக்கல," என்றாள். "அம்மா காகிதம்னு சொல்லவே இல்ல. கொடின்னும் சொல்லல. அம்மா சமையல்கட்டுல கட்டியிருந்த சேவல அவுத்துவிடப் போனாங்க."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பின்னால் ஒருவர் சிரித்தார். அது பரவியது. எஸ்ரா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ருஹாமா முகத்தை மூடிக்கொண்டாள்.

மிஸ்டர் வென்னிங் எழுந்தார். "சேவலா? இதையா கல்லுல வெட்டறது? குழந்தை ஏதோ உளறுது."

டாமரிஸின் கை என் கையைத் தேடியது. பிடித்துக்கொண்டேன். அவள் உட்காரவில்லை.

"உளறல."

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. நீலச் சட்டை. ஒரு கையில் பழுப்புக் கறை. முகம் கழுவியிருந்தது.

"நான் மார்ஜரி பெல்லோட சமையல்காரன். சேவல் என்னோடது. கட்டினது நான். முப்பது பேருக்கு மேல இருந்தோம். எல்லாரும் நல்ல பலசாலிங்க. அது கூவினது எல்லார் காதுலயும் விழுந்துச்சு. நாங்க யாரும் திரும்பிப் பாக்கல. அந்தம்மா ஒருத்திதான் பாத்தாங்க." அவர் சுற்றிலும் பார்த்தார். "சிரிக்கிறவங்க எங்கள நெனச்சு சிரிங்க."

சிரிப்பு நின்றது. எஸ்ரா கையை வாயிலிருந்து எடுத்தான்.

மிஸ்டர் வென்னிங் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "இந்தக் கதைக்கு என் பளிங்கு கிடைக்காது," என்றார்.

"வேணாங்க ஐயா," என்றாள் டாமரிஸ். "ஆனா ரொம்ப கனமா இருக்கும். தூக்கறதுக்கு ஆளு வேணுமா?"

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். டாமரிஸைப் பார்த்து அல்ல. அவர் வேகமாக வெளியே போனார். பத்திரிகைக்காரர் பின்னாலேயே போனார்.

"நம் ஊர்க் கல்லிலேயே வெட்டலாம்," என்றார் பாதிரியார். "என்ன எழுதலாம் குழந்தை?"

"பேர் போதும். லவீனியான்னு. துவைச்சாங்கன்னும் போடலாம். நல்லாத் துவைப்பாங்க."

பாதிரியார் தலையசைத்தார். எல்லாம் முடிந்தது என்று சபை எழத் தொடங்கியது. ஹோகன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"பாப்பா," என்றார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அவங்க போகும்போது என்னைத் திட்டினாங்களா? 'அந்தப் பாவி கட்டிப் போட்டுட்டானே'ன்னு ஏதாவது? திட்டியிருந்தாலும் பரவாயில்ல. தெரிஞ்சா போதும். எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

டாமரிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவிடமிருந்து அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கடைசிச் சொல் ஒன்றுதான். நான் அவள் கையை விட்டேன்.

அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அவரிடம் போனாள். அவர் குனிந்தார். காதில் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் எனக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னாள்.

"திட்டவே இல்ல. அம்மா இதான் சொன்னாங்க: 'ஐயோ, அது கட்டிக் கெடக்குடீ. அவுத்து விட்டுட்டு ஓடி வந்துடறேன். என் எடத்துல யாரையும் உக்கார விடாத.'"